மீன்பிடித் தடைக்காலத்தில் சீரியல் பார்க்க: ராமநாதபுரம் கடற்கரைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கல்யாணமாகிப் பரமக்குடியிலிருந்து தங்கச்சிமடத்துக்கு வந்த முதல் வருடத்தில், டிவிக்காக மட்டும் மூன்று தடவை வீண் செலவு செய்தேன். முதலில் ஒரு வருடப் பேக் போட்டேன். அத்தை பார்க்கும் சேனல் அதில் இல்லை. அப்புறம் டிஷ்ஷின் போல்ட் துருப்பிடித்து, கச்சான் என்னும் மேற்குக் காற்றில் டிஷ் திரும்பிக்கொண்டது. மூன்றாவதாக, இணையத்தில் தொடர் பார்க்கும் ஓடிடிக்குப் பணம் கட்டினேன். அது போனில் மட்டும்தான் ஓடும் என்பது கட்டிய பிறகுதான் தெரிந்தது. ராமேஸ்வரம் தீவுக்குள் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கம் மாற்றலாகி வந்தவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும் என்று எழுதுகிறேன். இதில் உள்ள விலைகளும் தேதிகளும் 2025 மே மாதக் கடைசியில் பார்த்தவை.

1. தொடரை முடிவு செய்யுங்கள், பெட்டி அப்புறம்

எல்லோரும் முதலில் செட்டாப் பெட்டியை வாங்கிவிட்டுப் பிறகுதான் சேனலைத் தேடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். வீட்டில் இருப்பவர்கள் எந்தத் தொடரைப் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே சேனல் பெயரையும் எழுதினால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் வீட்டுத் தாளில் இருப்பதைச் சொல்கிறேன். பிடித்தால் நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

சன் டிவியில் முதல் இடம் 'எதிர்நீச்சல் தொடர்கிறது'. 2022-இல் தொடங்கி 2024 ஜூனில் முடிந்த 'எதிர்நீச்சல்', அந்த டிசம்பர் 23 முதல் இந்தப் பெயரில் திரும்பி வந்திருக்கிறது. ஜனனியாக இப்போது பார்வதி நடிக்கிறார். ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்துக்கொண்டிருந்தார். அவர் 2023 செப்டம்பரில் காலமான பிறகு அந்த வேடத்தை ஏற்றவர் வேல ராமமூர்த்தி. நம் மாவட்டம் பெருநாழிக்காரர். அவர் பேச ஆரம்பித்தால் எங்கள் அத்தை சத்தத்தைக் கூட்டச் சொல்வார். ஊர்ப் பேச்சு அவருக்கு அப்படி இனிக்கிறது. ஒரே வீட்டில் அடங்கிக் கிடந்த நான்கு மருமகள்கள் ஒவ்வொருவராக வாய் திறப்பதுதான் கதை. முதல் பாகம் பார்க்காதவர்கள் நேரே இதில் நுழைந்தால் யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்பும். பழைய எபிசோடுகளில் முதல் ஒரு மாதத்தையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

'சிங்கப்பெண்ணே'வும் சன் டிவிதான். கிராமத்துப் பெண் ஆனந்தி சென்னையில் ஆயத்த ஆடை கம்பெனி வேலைக்குப் போய், ஹாஸ்டலில் தங்கிச் சமாளிக்கிறாள். நம் பக்கத்துப் பெண்களும் திருப்பூருக்கும் சென்னைக்கும் அப்படிப் போகிறார்கள். அதனாலேயே எங்கள் தெருவில் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இடையில் கதையை இழுக்கிறார்கள், பொறுமை வேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய 'மூன்று முடிச்சு', 2021-இல் தொடங்கிய 'கயல்' இரண்டுக்கும் தனித்தனியாக ஆள் இருக்கிறார்கள். நான் 'கயல்' பார்ப்பதை நிறுத்தி ஆறு மாதமாகிறது.

விஜய் டிவியில் என் தேர்வு 'அய்யனார் துணை'. 2025 ஜனவரியில் தொடங்கியது. அப்பாவும் சேரன், சோழன், பாண்டியன், பல்லவன் என்று நான்கு பிள்ளைகளும் மட்டும் இருக்கும் ஆம்பளை வீட்டுக்குள் நிலா என்ற பெண் வந்து சேர்கிறாள். முதல் 'எதிர்நீச்சல்' ஜனனி மதுமிதாதான் நிலா. மாமியார் கொடுமையும் விஷம் வைப்பதும் இல்லாமல், சமையல்கட்டு சண்டையிலும் அண்ணன் தம்பி கோபதாபத்திலும் ஒரு எபிசோடை நகர்த்த முடியும் என்று இதில் காட்டுகிறார்கள். புதிதாக ஒரே ஒரு சீரியல் தொடங்குவதென்றால் இதில் தொடங்குங்கள்.

'சிறகடிக்க ஆசை'யும் விஜய் டிவிதான். கார் ஓட்டும் முத்து, பூக்கட்டும் மீனா, எந்நேரமும் ஏதாவது மறைத்துக்கொண்டே இருக்கும் ரோகிணி. என் வீட்டுக்காரர் பார்க்கும் ஒரே சீரியல் இதுதான். படகில் நான்கு பேர் சேர்ந்தால் ரோகிணி எப்போது மாட்டுவாள் என்றுதான் பேச்சாம். 'பாண்டியன் ஸ்டோர்ஸ் 2' 2023 அக்டோபர் கடைசியில் வந்தது. முதல் பாகத்துக் கதையின் தொடர்ச்சி இல்லை, புதுக் குடும்பம். அதனால் தைரியமாக நடுவில் ஏறிக்கொள்ளலாம். ஜீ தமிழில் 'கார்த்திகை தீபம்' அத்தையுடையது. நான் அதில் கை வைப்பதில்லை.

தினமும் பார்க்க முடியாதவர்களுக்கு வெப் சீரிஸ்தான் சரி. 'சுழல்' இரண்டாம் பாகம் 2025 பிப்ரவரி 28-இல் பிரைம் வீடியோவில் வந்தது. ஊரில் அம்மன் திருவிழா நடக்கும்போது ஒரு வக்கீல் கொலையாகிறார். எட்டுப் பெண்கள் தனித்தனியாக வந்து நான்தான் செய்தேன் என்கிறார்கள். எட்டு எபிசோடு, ஒரு தடைக்கால வாரத்தில் முடித்துவிடலாம். முதல் பாகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும், ஏனென்றால் நந்தினி ஏன் ஜெயிலில் இருக்கிறாள் என்பது அதில் இருக்கிறது. 'ஹார்ட் பீட்' இரண்டாம் பாகம் 2025 மே 22 முதல் ஜியோஹாட்ஸ்டாரில் வந்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர்களாகச் சேர்ந்த பிள்ளைகளின் கதை. முதல் பாகமே நூறு எபிசோடு, ஆனால் ஒவ்வொன்றும் சின்னது. பழையதில் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை: ஜீ5-இல் உள்ள 'அயலி'. வயதுக்கு வந்ததை மறைத்துப் படிப்பைத் தொடரும் ஒரு பெண்ணின் கதை, எட்டு எபிசோடு. எட்டாம் வகுப்பு படிக்கும் பெண் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.

2. கடல் நாட்களைக் காலண்டரில் குறியுங்கள்

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு காலையில் மீன்வளத் துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள்தான் கரை. ஆக, படகுக்குப் போகிறவருக்கு வாரத்தில் மூன்று இரவு சீரியல் போச்சு. விட்ட எபிசோடைப் பார்க்க வழியில்லாத இணைப்பு அவருக்குப் பாதிதான் பயன்படும். இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அப்போது வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், ரிமோட்டுக்குப் போட்டி வரும், கையில் காசும் குறையும். புது இணைப்பு எடுப்பதென்றால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். தடை தொடங்கிய பிறகு கேட்டால் ஆள் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது. எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது.

இன்னொன்று. சேனல்காரர்கள் அவ்வப்போது இரண்டு தொடரைச் சேர்த்து மகாசங்கமம் என்று ஒரு மணி நேரம் போடுவார்கள். நேரம் குறித்து ரெக்கார்டிங் வைத்தவர்களுக்கு அன்று பாதிக் கதைதான் பதிவாகும். முந்தின நாள் புரோமோவைப் பார்த்து நேரத்தை மாற்றிவிடுங்கள்.

3. கேபிள், டிஷ், ஓடிடி: உங்களுக்கு எது?

ஊருக்குள், தெருவில் கேபிள் ஓடும் இடத்தில் இருந்தால் கேபிளே போதும். கோளாறு என்றால் கேபிள்காரரை நேரில் பிடிக்கலாம். காற்றில் டிஷ் திரும்பும் கவலை கிடையாது. ஆனால் தெருவில் கரண்டு போனால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் கேபிள் வராமல் போகலாம்.

கடலோரக் குப்பங்களிலும் தோப்பு வீடுகளிலும் கேபிள் வராது. அங்கே டிஷ்தான்.

மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ், பெட்டி இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 2,000 ரூபாய், ஒரே தடவை. டிடி தமிழ் வரும். ஆனால் சன், விஜய், ஜீ தமிழ் மூன்றையும் எதிர்பார்த்து இதை வாங்காதீர்கள். பக்கத்து வீட்டில் வாங்கிவிட்டு, மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள்.

ஓடிடி மட்டும் வைத்துக்கொள்வது சின்னக் குடும்பத்துக்குச் சரி. சன் தொடர்களுக்கு சன் நெக்ஸ்ட், விஜய்க்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. மூன்றையும் சேர்த்து வாங்குவதற்கு முன் கேபிள் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் படம் வர வேண்டும். ஆப்பைத் திறந்து தேடச் சொன்னால் அவர்கள் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். நாங்கள் இப்போது வைத்திருப்பது அத்தைக்கு டிஷ், வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு ஓடிடி.

4. ஆவணங்கள்

இது எளிது. ஆதார் நகல், போட்டோ, ஓடிபி வரும் போன் நம்பர் மூன்றும் போதும். ஃபைபர் இணைப்புக்கு முகவரிச் சான்றும் கேட்பார்கள். ஆதாரில் பிறந்த வீட்டு முகவரி இருந்தால் வீட்டுக்காரர் பெயரிலோ மாமனார் பெயரிலோ எடுத்துவிடுங்கள், அலைச்சல் மிச்சம். வாடகை வீடு என்றால் மாடியில் டிஷ் மாட்ட வீட்டு உரிமையாளரிடம் முன்பே கேளுங்கள். சுவரில் துளை போட்ட பிறகு வரும் சண்டை பெரியது.

போன் நம்பர் விஷயத்தில் கவனமாக இருங்கள். இணைப்புக்குக் கொடுக்கும் நம்பர் கடலுக்குப் போகிறவருடையதாக இருக்க வேண்டாம். ரீசார்ஜ் ஓடிபியும் சர்வீஸ்காரர் போனும் அந்த நம்பருக்குத்தான் வரும். அவர் நடுக்கடலில் இருந்தால் அன்று வேலை நடக்காது.

விண்ணப்பத்தின் நகலையும் பணம் கட்டிய ரசீதையும் கையோடு வாங்குங்கள். பெட்டி உங்களுக்குச் சொந்தமா, வாடகையா என்று அதில் எழுதியிருக்க வேண்டும். வாடகைப் பெட்டியானால் வீடு மாறும்போது திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்க வேண்டும். ரசீது இல்லாமல் அந்தப் பணம் வராது.

5. செலவுக் கணக்கு

கேபிளோ டிஷ்ஷோ, மாதக் கட்டணத்தில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று இணைப்புக் கட்டணம். 200 சேனல் வரை 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 153.40 என்று வெகுநாள் இருந்தது. 2024-இல் டிவி கட்டண விதிகளைப் போடும் ஆணையமான டிராய் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டதால் உங்கள் நிறுவனம் எவ்வளவு வாங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது, கட்டணச் சேனல்களின் விலை. தொகுப்பில் சேர்க்கும் எந்தச் சேனலின் விலையும் 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது விதி. மூன்று பெரிய தமிழ்ச் சேனலையும் தனித்தனியாக, தலா 19 என்றே வைத்துக்கொண்டாலும் 57 ரூபாய், வரியோடு 67.26. பழைய இணைப்புக் கட்டணத்தோடு கூட்டினால் மொத்தம் 221 ரூபாய்க்குள் அடங்கும். கடைக்காரர் 350 ரூபாய்த் தொகுப்பை நீட்டும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

எச்டி வேண்டுமா என்று கேட்பார்கள். ஒரு எச்டி சேனல், எண்ணிக்கையில் இரண்டு சேனலாகக் கணக்காகும். 32 அங்குல டிவியில் சீரியல் பார்க்க சாதாரணச் சேனலே போதும்.

ஜியோஹாட்ஸ்டாரில் 2025 மே மாதத்தில் மொபைல் திட்டம் மூன்று மாதத்துக்கு 149, வருடத்துக்கு 499 என்று இருந்தது. டிவியிலும் பார்க்க சூப்பர் திட்டம் அப்போது மூன்று மாதத்துக்கு 299, வருடத்துக்கு 899. விளம்பரம் குறைவாக வேண்டுமென்றால் பிரீமியம், அப்போது வருடம் 1,499. நான் ஏமாந்தது முதல் வரியில்தான்: 149 கட்டிவிட்டு டிவியில் போட முயன்றேன், ஓடவில்லை. பிரைம் அப்போது மாதம் 299, வருடம் 1,499. 'சுழல்' மட்டும் பார்க்க ஒரு மாதம் போதும். அதிலும் 2025 ஜூன் 17 முதல் விளம்பரம் வருகிறது.

ஃபைபருக்கு பிஎஸ்என்எல்லில் 499 ரூபாய்த் திட்டம் இருக்கிறது, வரியோடு 588.82. உங்கள் தெருவுக்குக் கம்பி வந்திருக்கிறதா என்று கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

வருடப் பேக்கை முதல் தடவையே போடாதீர்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, எல்லாச் சேனலும் வருகிறது என்று உறுதியான பிறகு போடுங்கள். அவசரப்பட்டு எங்கள் வீட்டில் நஷ்டமானது 2,000 ரூபாய்க்கு மேல்.

6. டிஷ் மாட்டும் நாளில் கூடவே நில்லுங்கள்

பரமக்குடியில் பத்து வருடம் தாங்கும் இரும்பு இங்கே இரண்டு வருடம் தாங்காது. உப்புக்காற்று முதலில் தின்பது டிஷ்ஷை இல்லை, அதைப் பிடித்திருக்கும் போல்டையும் வயரின் நுனியையும்தான்.

மாட்ட வருகிறவர் கொண்டுவரும் சாதாரண போல்டை வேண்டாமென்று சொல்லி, எவர்சில்வர் போல்டு, நட்டு, வாஷர் நீங்களே வாங்கி வையுங்கள். படகுச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். 316 தரம் கேளுங்கள், கடலுக்கு அதுதான். நான் வாங்கியபோது இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. டிஷ் நிற்கும் இரும்புக் காலில் வெட்டுப்பட்ட இடம், துளை போட்ட இடம் எல்லாவற்றிலும் படகுக்கு அடிக்கும் பெயின்ட் மிச்சம் இருந்தால் ஒரு கோட் அடித்துவிடுங்கள்.

வயர் டிஷ்ஷில் சேரும் இடத்தில் ரப்பர் மூடி போட்டு, அதன் மேல் தண்ணீர் புகாத டேப் சுற்றச் சொல்லுங்கள். உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்தால் சிக்னல் விட்டுவிட்டு வரும். மழைநாளில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்றால் மழைதான் காரணம். மழை விட்டதும் சரியாகிவிடும். வெயிலிலும் உடைகிறது என்றால் இந்த நுனியைப் பாருங்கள். அந்தச் சின்ன விஷயம் தெரியாமல், பெட்டி போய்விட்டது என்று சொன்னவரை நம்பிப் புதுப் பெட்டி வாங்கினேன்.

நம் ஊரில் டிஷ் ஏறக்குறைய வானத்தை அண்ணாந்து, தெற்கும் கிழக்குமாகப் பார்க்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் கோணம் கொஞ்சம் மாறும். அதனால் தூரத்துத் தென்னை மறைக்காது. தலைக்கு மேல் சாயும் தென்னைதான் தொந்தரவு. மட்டை விழும் இடத்தில் மாட்ட விடாதீர்கள். மாடி விளிம்பைவிட, கைப்பிடிச் சுவரை ஒட்டிய உள்பக்கம் நல்லது. கச்சானும் வாடையும் நேராக அடிக்காது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை மழை. செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை மாடி ஏறி போல்டை இறுக்கி, கிரீஸ் தடவி வையுங்கள். இடி இடிக்கும்போது பிளக்கையும் டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

7. போனில் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது

அரை மணி நேரச் சீரியலில் விளம்பரம் போக இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான் இருக்கும். குறைந்த தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குள், முழு எச்டியில் மூன்று ஜிபி வரை போகும். ஆப்பின் அமைப்புகளில் தரத்தைக் குறைத்துவிட்டால் தினசரி டேட்டாவிலேயே இரண்டு மூன்று எபிசோடு பார்க்கலாம்.

படகில் பார்ப்பதற்கு என்றால் வீட்டு வைஃபையில் முந்தின இரவே டவுன்லோட் செய்து கொடுங்கள். அதற்குக் காலாவதி உண்டு, போன வாரத்தது ஓடாது. பேட்டரி தீரும்வரை பார்க்கவிடாதீர்கள்; கரை சேர்ந்ததும் முதலில் வீட்டுக்குத்தான் போன் போட வேண்டும்.

அரிச்சல்முனை, தனுஷ்கோடி பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டு ரோமிங் திறந்து வைத்திருந்தால் எபிசோடு ஓடிய கணக்குக்குப் பில் வரும். ரோமிங்கை மூடிவிட்டு, நெட்வொர்க்கைத் தானியங்கியிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தையே தேர்ந்தெடுத்து வையுங்கள்.

8. பணம் தானாகப் போவதைத் தடுக்க

ஓடிடியில் ஒரு மாதம் மட்டும் என்று நினைத்துக் கட்டினாலும் தானியங்கிப் புதுப்பிப்பு ஒட்டிக்கொண்டு வரும். ஆப்பை அழித்துவிட்டால் அது நிற்காது. பணம் அனுப்பும் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வரும், அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

9. கோளாறு வந்தால்

நிறுவனத்தின் இலவச எண்ணில் சொல்லி, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் ஆளிடம் வாயால் சொன்னது புகாராகாது. அப்படிச் சொல்லிவிட்டுப் பதினைந்து நாள் காத்திருந்தேன். சரியாகவில்லை என்றால் அதே நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் எண்ணோடு எழுதுங்கள். அப்போதும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சர்வீஸ்காரர் வந்தால் வருகைக் கட்டணம் எவ்வளவு என்று கதவருகிலேயே கேட்டுவிட்டு மாடிக்கு அனுப்புங்கள்.

ஜூன் 12, 13 தேதிகளில் ஒரு வேலை இருக்கிறது. தடைக்காலத்துக்கு என்று கூடுதலாகச் சேர்த்த சேனல்களையும் மாத ஓடிடியையும் பார்த்து, தேவையில்லாததை அன்றே நீக்கிவிடுங்கள். 14-ஆம் தேதி வீட்டில் எல்லோரும் வலையும் ஐஸும் டீசலுமாக ஓடிக்கொண்டிருப்போம். யாருக்கும் நினைவு இருக்காது.